கையில் துடுப்போடு நின்றவள்

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் ஒரு குப்பம். அங்கே இருசம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் அக்கரையில் கோட்டை கட்டிக் கொடியேற்றி மூன்று தலைமுறை ஆகியிருந்த காலம் அது. குப்பத்து ஜனங்களுக்குக் கோட்டை என்றால் ஒரு வேட்டுச் சத்தம், அவ்வளவுதான். வேட்டுப் போட்டால் கப்பல் வந்து கடலில் நங்கூரம் பாய்ச்சியிருக்கிறது என்று அர்த்தம். மற்றபடி அவர்கள் பாட்டுக்கு அவர்கள், இவர்கள் பாட்டுக்கு இவர்கள்.

இருசம்மாளைப் பற்றி யாரிடம் கேட்டாலும், அவள் வாயைத் திறக்க மாட்டாள் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். பொல்லாதவள் இல்லை, கர்வமும் இல்லை. அம்மா இல்லாத வீட்டில், வலை முடிந்துகொண்டே நாளைக் கழிக்கும் நைனாவோடு வளர்ந்தவள். அந்த வீட்டில் பேச்சுக்கு வேலை இல்லை. பிறகு தருமனுக்கு வாழ்க்கைப்பட்டாள். தருமன் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசுகிறவன். ஆகவே அங்கேயும் அவள் வாய்க்கு வேலை வரவில்லை. ஒரே மகளைப் பக்கத்துக் குப்பத்தில் கட்டிக் கொடுத்த பிறகு வீடு இன்னும் அமைதியாகிப் போனது.

விடியற்காலையில் ஆண்கள் மீனோடு கரையேறுவார்கள். பெண்கள் கூடைகளை நிரப்பிக்கொண்டு தோணியில் ஏரியைக் கடந்து, அங்கிருந்து நடையைக் கட்டுவார்கள். திருப்பாலைவனம் என்ற ஊரின் களத்து மேடுகளில் மீனைக் கொடுத்து நெல்லை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். வெயில் ஏற ஏற மணல் சுடும், தலைச்சுமை கழுத்தை அழுத்தும். வலி தெரியாமலிருக்க மாரி அத்தை கதை சொல்வாள். ராஜா கதை, பேய்க் கதை, மருமகளைக் கிணற்றில் தள்ளிய மாமியார் கதை என்று அவளிடம் ஏகப்பட்ட சரக்கு இருந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் பலமுறை கேட்டிருந்தார்கள். ஆனாலும் கேட்பார்கள்.

ஒருநாள் மாரி அத்தைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"இன்னிக்கு என்னால முடியாது. வேற யார்னா சொல்லுங்கடி" என்று கரகரத்தாள்.

கொஞ்ச தூரம் கால்களின் சத்தம்தான் கேட்டது. அப்போது பின்னாலிருந்து இருசம்மாளின் குரல் வந்தது.

"ஒருத்தன் கப்பல்ல வேலைக்குப் போறான். பெரிய கப்பல்ல ஏறுறவனுக்கு துடுப்பு எதுக்கு? அதனால தன் துடுப்ப பொண்டாட்டி கைல குடுத்துட்டுப் போறான். அவ துடுப்போட கரையில நிக்கிறா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்பறம்?" என்றாள் மாரி.

"தெரியல அத்தை."

"தெரியலன்னா?"

"அவ்ளோதான் வந்துது."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருசம்மாளும் சிரித்துவிட்டாள். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தப் பெண் அவளை விடவில்லை. மீன் கழுவும்போதும் உலை வைக்கும்போதும், கையில் துடுப்போடு அந்தக் கரையிலேயே நின்றாள். இவள் அடுத்து என்ன செய்வாள்? துடுப்பை வீட்டுக்கு எடுத்துப் போவாளா? எங்கே சாத்தி வைப்பாள்? அண்டை வீட்டுக்காரன் இரவல் கேட்டால் கொடுப்பாளா? இப்படியே யோசித்துக்கொண்டிருந்ததில் கஞ்சி பொங்கி அடுப்பு அணைந்தது.

"இன்னாமே, பேயி கீயி புடிச்சிருக்கா?" என்றான் தருமன்.

"இல்ல மாமா. ஒரு கதை."

"கதையா! அத உலை வச்சி எறக்கினப்பறம் யோசிக்கக் கூடாதா?"

மறுநாள் அவள் கொஞ்சம் சொன்னாள். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். துடுப்பை அந்தப் பெண் கூரைக்கடியில் சாத்தி வைத்ததைச் சொன்னாள். யாரோ இரவல் கேட்டு வந்தபோது அதன் மேல் புடவையைக் காயப்போட்டு மறைத்ததைச் சொன்னாள். பெண்கள் கேட்டுக்கொண்டு நடந்தார்கள். ராஜா இல்லை, பேய் இல்லை, ஆனாலும் கேட்டார்கள். அந்தப் பெண்ணை எங்கேயோ பார்த்தது போலிருந்தது அவர்களுக்கு. அந்த நாட்களில் இருசம்மாளுக்குச் சுமையே தெரியவில்லை. வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது கையைப் பிடித்து அடுத்ததை இழுத்துக்கொண்டு வந்தது. இதுவரை இதெல்லாம் எங்கே கிடந்தது என்று அவளுக்கே வியப்பு.

இப்படி ஒருநாள், அந்தத் துடுப்பு எப்படி இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிடி விரிசல் விட்டிருந்ததாம், அதனால் புருஷன்காரன் அதில் நெருக்கமாகக் கயிறு சுற்றி வைத்திருந்தானாம்.

முன்னால் போய்க்கொண்டிருந்த தனக்கோடி நின்றாள். கூடையைப் பிடித்தபடியே திரும்பினாள்.

"யக்கா. அந்தக் கயித்துக்கு தார் பூசியிருந்துதா?"

"ஆமா. கறுப்பா. உனக்கு எப்படி..."

"அது எங்க ஊட்டு துடுப்பு."

தனக்கோடியின் புருஷன் கோதண்டம் பாய்க் கயிறு இழுக்கும் கலாசியாகக் கப்பலேறி, கடல் தாண்டிப் பத்தாவித் துறைமுகத்துக்குப் போனவன். போய்ப் பல வருஷமாகிறது. ஒரு தகவலும் இல்லை. கோட்டையில் வேட்டுச் சத்தம் கேட்கும் போதெல்லாம் தனக்கோடி கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடுவாள். கப்பலிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் படகுகள் எல்லாம் வந்து முடியும்வரை நின்று பார்ப்பாள். பிறகு திரும்பி வருவாள். இது குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இருசம்மாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கோதண்டம் கிளம்பிய அன்று அவளும் கரையில்தான் இருந்தாள், கருவாட்டுக் கூடையோடு. அவன் படகில் ஏறப் போனவன் திரும்பி வந்து துடுப்பைத் தனக்கோடியிடம் நீட்டியதைப் பார்த்திருந்தாள். பார்த்ததை மறந்தும் போயிருந்தாள். தான் உண்டாக்கியது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தது, இன்னொருத்தியின் நெஞ்சிலிருந்து எடுத்தது.

"தனம், நான் வேணும்னு..."

"தெரியும் யக்கா" என்று சொல்லிவிட்டுத் தனக்கோடி முன்னால் நடந்தாள்.

அன்றோடு கதை நின்றது. மாரி அத்தையின் தொண்டை சரியாகிப் பழைய ராஜாக்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் என்னவோ, ராஜாக்கள் முன்போல் ருசிக்கவில்லை. தனக்கோடி சுற்று வழியாகப் போகிற வேறொரு கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். இருசம்மாள் மறுபடி வாயை மூடிக்கொண்டாள். முன்பெல்லாம் பேசாமலிருப்பது அவளுக்கு இயல்பாக இருந்தது. இப்போது அதுவும் தலைச்சுமையோடு சேர்ந்து கனத்தது.

ஐப்பசி பிறக்கும் சமயம். ஒரு பிற்பகலில் இருசம்மாள் மணலில் பாய் விரித்து மடவைக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். தனக்கோடி வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவளும் புரட்டினாள். பாயின் பாதிவரை இப்படியே போனது.

"கதைய ஏன் யக்கா நிறுத்திட்ட?"

"அது உன்னுது. நான் எப்படி சொல்றது?"

"நீ நிறுத்திட்டா அவ அங்கியே நின்னுக்கினு இருக்கா. கால் வலிக்காதா அவளுக்கு?"

இருசம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். தனக்கோடியின் முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"எப்படி முடிக்கிறதுன்னு எனக்குத் தெரியல தனம்."

"யோசி. ஆனா முடி."

மறுநாள் தனக்கோடி பழைய கூட்டத்துக்கே திரும்பினாள். கதை தொடரப் போகிறது என்று கேட்டதும் மாரி அத்தை உற்சாகமானாள்.

"நான் சொல்றேன் கேளு. அவன் வந்துடறான். ஒரு பொட்டி நெறைய பட்டு, ஒரு பொட்டி நெறைய ஜாதிக்கா. பொண்டாட்டிக்குக் கால்லேர்ந்து தலைவரிக்கும் நகை. ஊருக்கே விருந்து!"

இருசம்மாள் அப்படியே சொல்லிப் பார்த்தாள். புருஷன் வந்தான், பெட்டிகள் வந்தன, விருந்து நடந்தது. பெண்கள் "உம்" கொட்டினார்கள். சொல்லி முடிந்ததும் யாரோ இறால் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். கதை செத்துவிட்டது என்று இருசம்மாளுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் மாற்றினாள். கப்பல் புயலில் மூழ்குகிறது. அவன் பேயாக வந்து வாசலில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறான். இதற்குப் பெண்கள் பயந்தார்கள். ஆனால் அந்தப் பயம் களத்து மேடு வரைகூட நிற்கவில்லை. இன்னொரு நாள், அவன் அந்தத் தேசத்திலேயே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்றாள். எல்லாரும் அவனைத் திட்டித் தீர்த்தார்கள், அதோடு சரி.

தனக்கோடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். திரும்பும் வழியில் தோணிக்குக் காத்திருந்தபோது சொன்னாள்.

"யக்கா, நீ ஏன் அவனையே இழுத்துக்கினு வர? அவன் எங்கியோ கீறான், இல்ல இல்லாம பூட்டான். அது அவன் பாடு. இவ இன்னா பண்றா? அதச் சொல்லு."

இருசம்மாள் ஏரியைப் பார்த்தாள். கரையில் நிற்கிறவளை விட்டுவிட்டு, போனவன் பின்னாலேயே தான் ஓடிக்கொண்டிருந்தது இப்போதுதான் புரிந்தது. அந்தப் பெண்ணின் கையில் துடுப்பு இருக்கிறது. எதிரில் தண்ணீர் இருக்கிறது. பிறகென்ன?

ஆனால் ஒரு சங்கடம். இருசம்மாளுக்குத் துடுப்புப் போடத் தெரியாது. அந்தக் குப்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. தெரியாததைச் சொன்னால் அதுவும் அந்த விருந்துக் கதை மாதிரி செத்துவிடும் என்று பட்டது.

"மாமா, தோணிய ஒரு நாழி குடு" என்று தருமனிடம் கேட்டாள்.

"எதுக்கு?"

"ஓட்டணும்."

"யாரு?"

"நான்தான்."

தருமன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான். "கதைக்காவ தோணி ஓட்டினவள நான் இப்பதான் பாக்கறேன். நாளைக்குக் கதைல ஒருத்தி பனமரம் ஏறினா இன்னா பண்ணுவ?"

"ஏறுவேன்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே போய்த் தோணியை அவிழ்த்தான். இடுப்பளவு ஆழத்தில் தள்ளிவிட்டுத் தானும் தண்ணீரிலேயே நின்றான். காற்று இல்லாத காலை. ஏரி தகடு போலக் கிடந்தது. இருசம்மாள் துடுப்பைப் போட்டாள், தோணி சுற்றியது. மறுபடி போட்டாள், அது மறுபக்கம் சுற்றியது. "அந்தப் பக்கம் ஒண்ணு போட்டா இந்தப் பக்கம் ஒண்ணு போடுமே!" என்று தருமன் கத்தினான். கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சிரிப்புச் சத்தம் தண்ணீர் மேல் தவழ்ந்து வந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. தோள் எரிந்தது, உள்ளங்கை எரிந்தது. ஒரு கட்டத்தில் தோணி நேராக ஓடத் தொடங்கியது. ஏன் ஓடியது என்று அவளுக்கே தெரியாது.

கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். குப்பம் சின்னதாகிவிட்டிருந்தது. தன் வீடு எது என்று தேட வேண்டியிருந்தது. கரையிலிருந்து கப்பலைப் பார்க்கும்போது போகிறவன்தான் சின்னதாகிக்கொண்டே போவான். இங்கிருந்து பார்த்தால் நிற்கிறவர்கள் சின்னதாகிவிடுகிறார்கள். அவள் அப்படியே துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வார முடிவில் மழை பிடித்துக்கொண்டது. திருப்பாலைவனத்தில் நெல்லை வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது வானம் இருண்டு கொட்டியது. பெண்கள் கோயில் மண்டபத்துக்கு ஓடினார்கள். ஊர்ப் பெண்கள் சிலரும் அங்கே ஒதுங்கியிருந்தார்கள். மழை இப்போதைக்கு விடாது என்று தெரிந்ததும் மாரி அத்தை தூணில் சாய்ந்துகொண்டு, "இருசா, சொல்லு" என்றாள்.

இருசம்மாள் முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை நிறுத்தவில்லை.

துடுப்பைக் கொடுத்துவிட்டுப் புருஷன் போகிறான். அவள் அதைக் கூரைக்கடியில் சாத்தி வைக்கிறாள், யாருக்கும் தருவதில்லை. ஒருநாள் அக்கரையில் ஒரு கர்ப்பிணிக்கு வலி கண்டுவிட்டது, மருத்துவச்சி இக்கரையில் நிற்கிறாள், தோணிக்காரன் காய்ச்சலில் கிடக்கிறான். இவள் துடுப்பை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள். தோணி சுற்றுகிறது, மருத்துவச்சி திட்டுகிறாள். இந்த இடத்தில் மண்டபமே சிரித்தது. எப்படியோ அக்கரை சேர்கிறார்கள், பிள்ளை பிறக்கிறது. அன்றிலிருந்து அவசரத்துக்கு அவளைக் கூப்பிடுகிறார்கள். பிறகு அவசரமில்லாததற்கும் கூப்பிடுகிறார்கள். காய்ச்சல்காரன் வயதாகி விலகிக்கொள்ள, ஏரியில் ஆளேற்றி இறக்குவது அவள் பிழைப்பாகிறது. தண்ணீர் எங்கே ஆழம், எங்கே சேறு, எப்போது காற்றுத் திரும்பும் என்று அவளுக்குத் தெரிகிறது. கறுத்துப் போகிறாள், தோள் திரள்கிறது. அவளுக்குத் தெரியாமலே வருஷங்கள் ஓடுகின்றன.

"ஒருநாள் சாயங்காலம், கோட்டைப் பக்கத்துலேர்ந்து ஒரு ஆளு வந்து தோணில ஏர்றான். வேற தேசத்துத் துணி, நரைச்ச தாடி. ஏரி பாதி வந்ததும் கேக்கறான்: 'ஏம்மா, இந்தக் குப்பத்துல ஒரு பொண்ணு கைல துடுப்போட கரையில நின்னுக்கினு இருந்தாளே, அவ இன்னும் நிக்கிறாளா?'"

மாரி அத்தை தூணை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இவ துடுப்பு போட்டுக்கினே சொல்றா: 'இல்லியே. அவ போயி ரொம்ப நாளாச்சே.' கரை வந்துது. 'எறங்கு, பாத்து எறங்கு, வழுக்கும்'னா. அவன் எறங்கிக்கினான். அந்தப் பக்கம் போறதுக்கு நாலஞ்சு பேரு நின்னுக்கினு இருந்தாங்க. அவங்கள ஏத்திக்கினு இவ திரும்பிட்டா."

அவ்வளவுதான் என்று தெரிய எல்லாருக்கும் சற்று நேரமாயிற்று. பிறகு ஒரே இரைச்சல். அவனை அவள் அடையாளம் கண்டுகொண்டாளா இல்லையா? கண்டுகொண்டாள் என்றாள் ஒருத்தி. இல்லை என்றாள் இன்னொருத்தி. கட்டின புருஷனை இப்படியா விட்டுவிட்டுப் போவாள் என்று மாரி அத்தைக்குக் கோபம். அவன்தானே முதலில் விட்டுவிட்டுப் போனது என்று முன்பின் தெரியாத ஊர்ப் பெண் ஒருத்தி சண்டைக்கு வந்தாள். யாரும் இறால் விலையைப் பற்றிப் பேசவில்லை.

தனக்கோடி நெல் மூட்டையை நனையாமல் உள்ளே இழுத்து வைத்தாள். பிறகு இருசம்மாள் பக்கம் குனிந்து கேட்டாள்.

"திரும்பிப் போவும்போது அவ அழுதாளா யக்கா, சிரிச்சாளா?"

"அத நான் இன்னும் யோசிக்கல."

"யோசிக்காத. அப்படியே உடு" என்றாள் தனக்கோடி.

அதன் பிறகு தனக்கோடி தலைகீழாக மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. தை மாதம் கோட்டையில் வேட்டுச் சத்தம் கேட்டபோது அவள் களத்து மேட்டில் ஒரு வீட்டுக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். உடனே கூடையைத் தூக்கிவிடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க, "நண்டும் கீது, பாக்கறியா?" என்று அந்த வீட்டுக்காரியைக் கேட்டாள். விற்று முடித்து, மற்றவர்களோடு நடந்து வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கடற்கரைக்குப் போனாள். அடுத்த கப்பலுக்குப் போனாளா என்று யாரும் கவனிக்கவில்லை. கோதண்டத்தைப் பற்றித் தகவல் வரவே இல்லை. தருமனின் துடுப்பு முறிந்தபோது அவள் தன் வீட்டிலிருந்ததை எடுத்து வந்து, "சும்மா கெடந்து உளுத்துப் போவுதுண்ணே, வச்சிக்கோ" என்று கொடுத்தாள். தருமன் தார்க் கயிற்றைப் பிரித்துப் புதுசாகச் சுற்றிக்கொண்டான்.

இருசம்மாள் பிறகும் கதைகள் சொன்னாள். சில தேறின, சில தேறவில்லை. எது எது யாரிடமிருந்து வந்தது என்று முதலிலேயே யோசித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவளோடு ஒட்டிக்கொண்டது. சம்பந்தப்பட்டவளிடம் போய், "இத இப்படிச் சொல்லலாமா?" என்று கேட்டுவிடுவாள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவாள். வேண்டாம் என்றவர்கள் மிகக் குறைவு.

தலை நரைத்து, கூடை சுமப்பது குறைந்துபோன காலத்தில் ஒரு அறுவடைக்கு மகளுக்குக் கூடமாட ஒத்தாசையாகத் திருப்பாலைவனம் போயிருந்தாள். களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கேட்டதும் இருசம்மாளின் கை நின்றது. தோணிக்காரி கதைதான். ஆனால் அதில் ஒரு ராஜா நுழைந்திருந்தான், கப்பல் தங்கக் கப்பலாகியிருந்தது. மருத்துவச்சி காணாமல் போயிருந்தாள். இருசம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது. மருத்துவச்சி இல்லாமல் அவள் எப்படி ஏரியில் இறங்குவாள்? போய்ச் சொல்லிவிடலாமா என்று பார்த்தாள்.

அதற்குள் கதை கடைசிக்கு வந்துவிட்டது.

"பாதி ஏரியில அவ துடுப்ப அவன் கைல குடுத்தா. 'கை ஓஞ்சி போச்சு, நீ கொஞ்ச தூரம் போடு'ன்னா. அவனும் வாங்கினான். நாலு தடவ போடல, அதுக்குள்ள அவன் உள்ளங்கை கொப்புளிச்சிப் போச்சு. அவ்ளோ மெத்துனு ஆயிட்டிருந்துது கை. அவ துடுப்ப திரும்ப வாங்கிக்கினா" என்றாள் அந்தப் பெண்.

இருசம்மாள் உட்கார்ந்துவிட்டாள். இது அவள் சொன்னதில் இல்லை. அவளுக்குத் தோன்றியதே இல்லை. முறத்திலிருந்த நெல்லைக் கையால் அளைந்தபடி அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தன்னுடையதைவிட நன்றாக இருந்தது. பக்கத்திலிருந்த மகளிடம், "அந்தப் பொண்ணு பேரு இன்னானு கேட்டுக்கினு வா" என்றாள்.

ஊர் திரும்பியதும், மாலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கதையைச் சொன்னாள். மருத்துவச்சியைத் திரும்பக் கொண்டுவந்தாள், ராஜாவை வெளியே அனுப்பினாள். கொப்புளித்த கையை வைத்துக்கொண்டாள். அந்த இடம் வந்ததும், "இது திருப்பாலைவனத்து லோகநாயகி சொன்னது" என்றும் சொன்னாள்.